ராட்டினம் முதல் ரோலர் கோஸ்டர் வரை

ஆர்.கே.பேட்டை பக்கம் ராட்டினம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றுவது ஒரு ராட்டினம். திருவிழாவில் காசு கொடுத்து ஏறிச் சுற்றுவது இன்னொரு ராட்டினம். முதலாவது சோறு போடும். இரண்டாவது வருஷத்துக்கு ஒரு முறை வயிற்றைக் கலக்கும்!

ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கம்தான் ஆர்.கே.பேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதைத் தொடர்ந்து வந்த படாஸ்கர் தீர்ப்பும்தான் அதைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்தன. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை எல்லாமே தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். முன்பு கைத்தறி, பிறகு பெரும்பாலும் விசைத்தறி. இந்த ஊர்க்காரர்களுக்கு நீண்ட காலம் 'தீம் பார்க்' என்றால் ஆடிக்கிருத்திகையும் அதையொட்டி முளைக்கும் கடைகளும் ராட்டினங்களும்தான். மற்றதெல்லாம் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, சென்னையில் இருந்தது.

ரோலர் கோஸ்டரை இன்று உலகம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தவரும் ஒரு நூல் தொழில்காரர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

பனி மலையில் பிறந்த விளையாட்டு

17-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் குளிர்காலம் வந்தால் மரச்சட்டங்களால் உயரமான சாய்தளம் கட்டுவார்கள். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் இரவோடு இரவாக உறைந்து பனிச் சறுக்காகிவிடும். படிக்கட்டு வழியே மேலே ஏறி, சறுக்குப் பலகையில் உட்கார்ந்து கீழே பாய வேண்டும். சில சறுக்குகள் 70 அடிக்கும் மேல் உயரம். 18-ஆம் நூற்றாண்டில் பேரரசி கேத்தரின் ஒரானியன்பாம் என்ற இடத்தில் கோடையிலும் சறுக்குவதற்காக ஒரு தனி மாளிகையே கட்ட வைத்தார். பனி இல்லாத காலத்துக்குச் சக்கரம் வைத்த வண்டிகள்!

நெப்போலியன் காலத்துக்குப் பிறகு இது பாரீசுக்குப் போனது. 1817-ல் அங்கே இரண்டு சறுக்குப் பூங்காக்கள் இருந்தன. அங்கேதான் வண்டியின் சக்கரம் தடத்தை விட்டு வெளியே போகாதபடி பூட்டும் யோசனை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'ரஷ்ய மலைகள்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியிலும் அதே பெயர்தான். ஆனால் ரஷ்யர்களோ இன்று ரோலர் கோஸ்டரை 'அமெரிக்க மலைகள்' என்று அழைக்கிறார்கள்! எந்த ஊரிலும் இது பக்கத்து ஊர் விளையாட்டுதான் போலிருக்கிறது.

கழுதை ஏறிய ரயில்

அமெரிக்காவில் கதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்ற ஊர். 1827-ல் மலை மேல் இருந்த சுரங்கத்திலிருந்து கீழே ஆற்றங்கரை வரை ஒரு ரயில் பாதை போட்டார்கள். இஞ்சின் கிடையாது. நிலக்கரி வண்டிகள் புவியீர்ப்பிலேயே கீழே இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போவது கோவேறு கழுதைகளின் வேலை. திரும்பி இறங்கும்போது அந்தக் கழுதைகளுக்கும் வண்டியில் இடம் உண்டு. உலகின் முதல் ரோலர் கோஸ்டர் பயணிகள் யார் என்று கேட்டால் கழுதைகள் என்றே சொல்லலாம்!

இந்த வேடிக்கையைப் பார்த்த மக்கள் தாங்களும் ஏற வேண்டும் என்று வரத் தொடங்கினார்கள். 1870களில் நிலக்கரியை வேறு பாதையில் அனுப்ப வழி கிடைத்த பிறகு, இந்த ரயில் முழுக்க முழுக்கச் சுற்றுலாவுக்கே ஓடியது. வேகமாக இறங்குவதற்குக் காசு கொடுக்க மக்கள் தயார் என்பது அப்போதுதான் தொழிலதிபர்களுக்கு உறைத்தது.

காலுறை செய்தவர் போட்ட பாதை

லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரில் காலுறைத் தொழில் செய்தவர். தையல் இல்லாத காலுறை பின்னுவதற்கு இயந்திரம் வடிவமைத்து, அதில் நல்ல பணம் பார்த்தவர். உடல்நிலை கெட்டதால் அந்தத் தொழிலை விட்டார். பக்திமான். மக்கள் மதுக்கடைகளில் பொழுதைக் கழிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. குடிக்கு மாற்றாக வெளிச்சத்தில், காற்றோட்டமாக, குடும்பத்தோடு மகிழ ஏதாவது வேண்டும் என்று நினைத்தார்.

1884 ஜூன் மாதம் நியூயார்க் நகரத்தின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அவருடைய 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' ஓடத் தொடங்கியது. 50 அடி உயரம், 600 அடி நீளம். வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு ஆறு மைல், அதாவது சுமார் 10 கிலோமீட்டர். இன்றைக்கு சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பையன் அதை முந்திவிடுவான். பயணிகள் பெஞ்சில் பக்கவாட்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கடைசியில் எல்லோரும் இறங்கி, ஆட்கள் வண்டியைத் தள்ளி, மறுபக்கம் மேலே ஏற்றி, திரும்பி வர வேண்டும். கட்டணம் ஐந்து சென்ட். கூட்டமோ தாங்கவில்லை. நாளொன்றுக்கு 600 டாலர் வரை வசூல் ஆனதாகச் சொல்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரோலர் கோஸ்டரை இளைஞர்களின் வீர விளையாட்டு என்றுதான் இன்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது பிறந்தபோதே 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று கூப்பிட்டுத்தான் பிறந்தது.

பயத்துக்குப் பின்னால் உள்ள பாதுகாப்பு

வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடியது. 1895-ல் கோனி ஐலண்டில் தலைகீழாகச் சுற்றும் ஒரு வளையம் கட்டினார்கள். முழு வட்டம், சுமார் 25 அடி விட்டம். வட்டத்துக்குள் வண்டி நுழையும் கணத்தில் உடல் எடை பத்து மடங்குக்கும் மேல் ஆனது போல் கழுத்தை அழுத்தியது. ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சில ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று.

பிழை எங்கே? நேர் பாதையிலிருந்து திடீரென்று வட்டத்துக்குள் போவதில்தான். ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். அதே சூத்திரத்தை ரோலர் கோஸ்டரில் சரியாகப் பயன்படுத்த 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த அன்டன் ஷ்வார்ஸ்கோப், வெர்னர் ஸ்டெங்கல் இருவரும் கலிபோர்னியாவில் கட்டிய கோஸ்டரின் வளையம் வட்டமாக இல்லை. மேலே குறுகி, கீழே அகன்று, கண்ணீர்த் துளி போல் இருந்தது. கழுத்துக்கு வந்த ஆபத்தும் நீங்கியது.

ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் செய்த வேலை இதைவிடப் பெரியது. வண்டி மேட்டைத் தாண்டும்போது மேலே எகிறிப் போகாமல் இருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்தார். 1919-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உலகம் முழுவதும் பெரிய கோஸ்டர்கள் இன்றும் இப்படித்தான் ஓடுகின்றன.

வண்டி மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது எதற்கு? பயமுறுத்துவதற்கு அல்ல. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் தடுக்கும் இரும்புப் பல் ஒவ்வொரு படியிலும் விழும் சத்தம் அது. அந்தத் தடுப்பு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை லண்டன் நகரம் பார்த்தது. 1972 மே 30 அன்று பேட்டர்சீ பூங்காவில் மேலே ஏறிக்கொண்டிருந்த வண்டி கழன்று பின்னோக்கி உருண்டது. ஐந்து குழந்தைகள் இறந்தார்கள்.

இன்னொரு பாடம் ரயில்வேயிடமிருந்தே வந்தது. அரக்கோணம் பாதையில் ஒரு பிளாக்கில் ஒரு ரயில் இருக்கும்போது இன்னொரு ரயிலை அனுப்ப மாட்டார்கள் அல்லவா? ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் கோஸ்டர்களிலும் அதே விதிதான். முன் வண்டி பகுதியைத் தாண்டாதவரை பின் வண்டியை பிரேக் பிடித்து நிறுத்திவிடும்.

ரசிகர்கள் உருவான கதை

1920களில் அமெரிக்காவில் 1500-க்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். பிறகு பொருளாதார மந்தம் வந்தது, உலகப் போர் வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1960களில் இருநூறுக்கும் கீழே குறைந்துவிட்டன. 1959-ல் டிஸ்னிலேண்டில் கட்டிய மேட்டர்ஹார்ன் கோஸ்டர்தான் மறுபடி உயிர் கொடுத்தது. மரச்சட்டத்துக்குப் பதிலாக எஃகுக் குழாயையே தண்டவாளமாக வளைத்தார்கள். குழாயை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதால் புதுப்புது வடிவங்கள் வந்தன.

மர கோஸ்டர்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுவதைப் பார்த்து வருந்தியவர்கள் 1978-ல் அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியஸ்ட்ஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1902-ல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' என்ற கோஸ்டர் 1985-ல் நின்றுபோனது. நன்கொடை திரட்டிச் சரிசெய்து 1999-ல் அதை மீண்டும் ஓட வைத்தார்கள். நம் ஊரில் பழைய கோயில் தேரைப் புதுப்பித்து ஓட வைப்பது போலத்தான்.

ஒரு ரசிகரின் ஒரு நாள்

கோஸ்டர் ரசிகர் பூங்காவுக்குப் போனால் அந்த நாள் எப்படி இருக்கும்?

வாசல் திறக்கும்போதே நிற்பார். எல்லோரும் வாசலுக்கு அருகில் உள்ள விளையாட்டில் கூடும்போது, அவர் நேரே கடைசிக் கோடிக்கு நடப்பார். அங்கே வரிசை இருக்காது. முதல் சவாரி முன் இருக்கையில். காற்றும் காட்சியும் அங்கேதான். அடுத்தது கடைசி இருக்கையில். வண்டியின் முன்பாதி மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் பின்பாதியை இழுத்துக்கொண்டு போகும். அதனால் பின்னால் இருப்பவர் மேட்டை வேகமாகத் தாண்டுவார், இருக்கையை விட்டு உடல் எழும்பும். வயிற்றில் ஜிவ்வென்று வரும் அந்தக் கணத்துக்காகத்தான் அவர் வந்திருக்கிறார்.

மத்தியான வெயிலில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி வரிசையில் நிற்பார். நாள் முழுக்க ஓடி கிரீஸ் இளகிய பிறகு அதே வண்டி காலையைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பது ரசிகர்களின் கணக்கு. ஆம், கணக்கு! வாழ்நாளில் எத்தனை வெவ்வேறு கோஸ்டர்களில் ஏறியிருக்கிறோம் என்று அவர்கள் எண்ணி வைத்துக்கொள்வார்கள். திருத்தணி மலையில் 365 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறுபவர்களுக்கு இது புரியும்.

குடும்பப் பூங்காவில் பெரிய கோஸ்டர் இருக்காது. கம்பளிப்பூச்சி வடிவ ரயில் ஒன்று, ஒரு மாடி உயரத்தில் சுற்றி வரும். அதை எண்ணலாமா, கூடாதா என்று ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை உண்டு. எண்ணலாம் என்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. தண்டவாளம், சக்கரம், இறக்கம் மூன்றும் இருந்தால் அது கோஸ்டர்தான். தாம்சன் கட்டியதும் மணிக்கு ஆறு மைல் வேகம்தானே? பெரிய கோஸ்டர்களில் சுமார் 130, 140 சென்டிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் ஏற விடுவார்கள். அதுவரை குழந்தைக்குக் கிடைக்கும் முதல் கோஸ்டர் அந்தக் கம்பளிப்பூச்சிதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பயந்து, இறங்கியதும் 'இன்னொரு தடவை' என்று கேட்கும் குழந்தைதான் நாளைய ரசிகர்.

இந்தியாவுக்கு வந்த பாதை

டெல்லியில் அப்பு கர் 1984 நவம்பரில் திறக்கப்பட்டது. மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்ட் 1989-லும், கொல்கத்தாவில் நிக்கோ பார்க் 1991-லும் வந்தன. இதில் அப்பு கர் 2008-லும், எஸ்ஸெல் வேர்ல்ட் 2022-லும் மூடப்பட்டுவிட்டன. நிக்கோ பார்க்கில் 2003-ல் 'சைக்ளோன்' என்ற மர கோஸ்டரும் வந்தது. 2013-ல் மகாராஷ்டிராவின் கோப்போலியில் திறந்த இமேஜிகா பூங்காவில், காலுக்கு அடியில் தரையே இல்லாத 'நைட்ரோ' வந்தது. இந்திய ரசிகர்கள் அதற்காகவே ரயில் ஏறிப் போனார்கள்.

சென்னையில் முதலில் பெயர் வாங்கியது ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. நடத்திய கடற்கரைப் பூங்கா. அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்க முயலாத சுற்றுலாப் பேருந்து மாணவர்கள் உண்டா? 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' அவர் தயாரித்ததுதான். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும், பூந்தமல்லியைத் தாண்டி குயின்ஸ்லேண்டும் வந்தன. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் முதலில் தொலைக்காட்சி விளம்பரமாகத்தான் வந்தன. பிறகுதான் பள்ளிச் சுற்றுலா.

இவர்களின் பின்னணியைப் பாருங்கள். தாம்சன் காலுறை விற்றவர். வி.ஜி.பன்னீர்தாஸ் தவணை முறையில் வீட்டுப் பொருள் விற்றவர். அப்பச்சன் சினிமாக்காரர். 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்றவர். எல்லோரும் சாதாரணக் குடும்பம் எதற்குச் செலவு செய்யும், எதற்குத் தயங்கும் என்று தெரிந்தவர்கள். பூங்கா நடத்த அந்த அறிவுதான் முதல் மூலதனம்.

வரியால் தாமதமான கோஸ்டர்

வீகாலேண்டிலிருந்து வளர்ந்த வொண்டர்லா நிறுவனம் 2005-ல் பெங்களூரிலும், 2016-ல் ஹைதராபாத்திலும் பூங்கா திறந்தது. சென்னையில் மட்டும் ஏன் தாமதம்? நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் வேலை தொடங்கவில்லை. காரணம் வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைந்தது. ஆனால் தமிழகத்தில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் இருந்தது. அரசு அதிலிருந்து விலக்கு அளித்த பிறகே கட்டுமானம் சூடு பிடித்தது.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா சென்னை திறக்கப்பட்டது. சுமார் 64 ஏக்கர், சுமார் 611 கோடி ரூபாய் முதலீடு. அங்கே தஞ்சாவூரை நினைவூட்டும் 'தஞ்சோரா' என்ற கோஸ்டர் ஓடுகிறது. தண்டவாளம் தலைக்கு மேல், கால்கள் அந்தரத்தில். இந்த வகையை 1992-ல் அமெரிக்காவில் முதன்முதலில் ஓட்டிய சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்டு நிறுவனம்தான் இதையும் செய்தது. ரசிகர்களுக்குப் பெரிய நாள்தான்.

திருவிழா ராட்டினத்துக்கு யார் பொறுப்பு?

ஆனால் கதை இங்கே முடிந்தால் பாதிக் கதைதான். நெசவாளர் குடும்பத்துக்கு நான்கு பேருக்கு டிக்கெட், போக வர வண்டிச் செலவு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் பல நாள் கூலி. அதனால் இந்தப் பக்கத்துக் குழந்தைகளில் பலர் ஏறப்போவது தஞ்சோராவில் அல்ல, திருவிழா ராட்டினத்தில்தான்.

பெரிய பூங்காவிலேயே தவறு நடக்கிறது. 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்சத விளையாட்டு அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் இறக்க வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசலாடும் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். கேளிக்கை விளையாட்டுகளின் பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2004-லேயே ஐ.எஸ். 15475 என்ற விதிமுறைகளைக் கொண்டு வந்தது. வடிவமைப்பு முதல் தினசரிச் சோதனை வரை அதில் வருகிறது. ஒரே இடத்தில் நிற்கும் பூங்காவில் அதைச் சோதிப்பது எளிது. லாரியில் வந்து, ஒரு நாளில் மாட்டி, பத்து நாள் சுற்றி, கழற்றிப் போகும் ராட்டினத்தில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு ஊரிலும் புதிதாக முடுக்கப்படுகிறது. சோதனையும் ஒவ்வொரு ஊரிலும் புதிதாக நடக்க வேண்டும் அல்லவா?

ரோலர் கோஸ்டரின் வரலாறு வேகத்தின் வரலாறு மட்டும் அல்ல. அடிச்சக்கரம், இரும்புப் பல், பிளாக் பிரேக், கண்ணீர்த் துளி வளையம் என்று ஒவ்வொன்றாக ஆபத்தை நீக்கி, பயத்தை மட்டும் விட்டு வைத்த வரலாறு. 1884-ல் ஐந்து சென்ட் கொடுத்த ஏழைத் தொழிலாளிக்காகத்தான் அது தொடங்கியது. பெரிய டிக்கெட் வாங்குபவருக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு, ஆடிக்கிருத்திகையில் சில்லறை எண்ணிக் கொடுத்து ஏறும் ஆர்.கே.பேட்டைக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த முறை ராட்டினம் ஏறும்போது அனுமதிச் சான்று இருக்கிறதா, இருக்கைக் கம்பி சரியாகப் பூட்டுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை!